நால்வர் கூடிச் செய்யும் கணக்கு



மாணாக்கர் நால்வர் ஒன்றுகூடிக் கணக்குச் செய்கையில் நாம் எதனை நோக்கவேண்டும்? விடைக்கு அவர்கள் வந்துசேரும் வழியையே நோக்கவேண்டும்.

ஒரு தொட்டியை நிரப்ப ஒரு குழாய்க்கு 3 மணித்தியாலமும் மற்றொன்றுக்கு 6 மணித்தியாலமும் செல்லும். இரண்டையும் ஒருங்கே திறந்தால் எவ்வளவு நேரமாகும்? கணக்கில் வல்லவன் எனப் பெயரெடுத்தவன் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, "நாலரை மணித்தியாலம்" என்பான். ஏனையோர் உடனே எழுதிக்கொள்வர். அது வெறும் பார்த்தெழுதலே. அவ்வேளை, அதுவரை வாய்திறவாதிருந்த மாணவி, "முதற் குழாய் தனியே 3 மணித்தியாலத்தில் நிரப்புமே; துணைக்கு இன்னொன்று வந்தபின் நேரம் கூடுமா?" என்று வினவினால், கணிதம் அங்கேதான் தொடங்குகின்றது. ஒரு மணித்தியாலத்தில் மூன்றிலொன்றும் ஆறிலொன்றும் சேர்ந்து பாதித் தொட்டி நிரம்பும். ஆகவே விடை 2 மணித்தியாலம் என்பது தானே புலனாகும்.

1970களில் அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் யூரி திரைஸ்மன் என்பார் மாணவர் கணிதம் பயிலும் முறையை அருகிருந்து ஆராய்ந்தார். கறுப்பின மாணவர் பலர் தனித்திருந்து கடுமையாக உழைத்தும் தளர்ந்தனர். சீன வழிவந்த மாணவரோ கூடியிருந்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தி முன்னேறினர். பின்னர் அவர் அமைத்த கூட்டுப் பயிற்சி வகுப்புகளிலே கறுப்பின மாணவரும் நன்கு தேறினர்.

ஆசிரியப் பெருமக்களே, குழுவின் அருகில் நில்லுங்கள். விடையை முந்திச் சொல்லிவிடாதீர்கள். "ஏன்?" என்று கேட்கும் மெல்லிய குரல் மற்ற மூவர் செவியிலும் விழுகின்றதா என்று கவனியுங்கள்.