சொல்லாமல் நின்றுபோன கணினி

(பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் வீட்டு வரவேற்பறையில், இணைய மோடத்துக்குப் பக்கத்தில், ஏடிஎம் அட்டை அளவே உள்ள ஒரு கணினி இருக்கிறது. பெயர் ராஸ்பெர்ரி பை. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகவேண்டும் என்ற நோக்கத்தோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012இல் விற்பனைக்கு வந்தது. என் வீட்டில் அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. எல்லாவற்றையும் ஒரு சிறு மெமரி கார்டில் எழுதி வைத்துக்கொள்ளும்.

மொட்டை மாடியில் நிழலில் ஓர் உணரி கட்டியிருக்கிறேன். அதைக் கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கணினி குறித்துவைக்கும். ஒரு நாளைக்கு 144 முறை. வாரந்தோறும் அந்த எண்களை என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். அவர்கள் சராசரி கண்டு வரைபடம் வரைவார்கள். பாடநூல் எண்களைவிடத் தங்கள் ஊர் வெயிலின் எண்கள் அவர்களுக்கு நெருக்கமாக இருந்தன.

காலாண்டு விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்த் திரும்பினோம். கணினியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் நலம் என்று நினைத்தேன். சிவப்பு விளக்கு மின்சாரம் வருவதை மட்டுமே சொல்லும் என்பது பிறகுதான் உறைத்தது. நாங்கள் கிளம்பிய மறுநாளே மின்வெட்டில் மெமரி கார்டு பழுதாகியிருந்தது. ஒன்பது நாள் அளவீடுகள் இல்லை.

வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவன், “முன்ன பின்ன இருக்கிற நாளோட சராசரியப் போட்டு நிரப்பிடலாமா டீச்சர்?” என்றான். அறிவியல் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “நாங்க வரலைன்னா உடனே வீட்டுக்குப் போன் போடுறீங்க. அதுக்கு நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்கலையா டீச்சர்?”

எடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன். சூடு அதிகமானால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும் நிரல் ஒன்றை அதே கணினியில் எழுதி வைத்திருந்தேன். காய்ச்சல் வந்தால் அது சொல்லும். மயங்கி விழுந்துவிட்டால்? வராத பிள்ளை, ‘நான் வரவில்லை’ என்று வகுப்பில் எழுந்து சொல்லாது. வெளியே ஒருவர் பெயர் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அந்த வேலையைச் செய்யும் இணையச் சேவைகள் இருக்கின்றன. ஹெல்த்செக்ஸ் அப்படிப்பட்ட ஒன்று; சிறிய அளவில் இலவசம். பதிவு செய்தால் நமக்கென்று ஓர் இணைய முகவரி தருவார்கள். குறித்த நேரத்தில் கணினி அந்த முகவரியை ஒரு முறை தொட்டுவிட்டு வரவேண்டும். ‘உள்ளேன் ஐயா’ சொல்வது போல. குரல் வராவிட்டால் சேவை நம் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். கணினியில் இதற்குத் தேவை ஒற்றை வரிக் கட்டளைதான். கணினிதான் வெளியே போய்ச் சொல்கிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வருவதில்லை. எனவே வீட்டு இணையத்தில் புதிதாக எந்த வாசலையும் திறந்து வைக்க வேண்டியதில்லை.

இதிலும் இரண்டு தவறுகள் செய்தேன். முதலாவது, பொறுமைக் கால அளவை ஐந்து நிமிடமாக வைத்தது. இணையம் சற்றுத் தடுமாறினாலும் எச்சரிக்கை வந்தது. ‘புலி வருது’ கதையாகி, நானே பார்ப்பதை விட்டுவிட்டேன். இப்போது அரை மணி நேரம் வைத்திருக்கிறேன். இரண்டாவது, இதைவிடப் பெரியது. உணரியின் கம்பி ஒரு நாள் கழன்றுவிட்டது. அளவீடு ஒன்றும் பதிவாகவில்லை. ஆனால் ‘உள்ளேன்’ மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கணினி விழித்திருப்பதற்கு வருகை போட்டிருந்தேனே தவிர, வேலை நடப்பதற்குப் போடவில்லை. இப்போது புதிய அளவீடு கோப்பில் ஏறிய பிறகுதான் அந்தக் கட்டளை ஓடும்.

கணினியின் சூடு, மெமரி கார்டில் மீதமுள்ள இடம் ஆகியவற்றை வரைபடமாகவே காண விரும்புவோருக்கு கிராஃபானா கிளவுட் போன்ற சேவைகள் உண்டு. ராஸ்பெர்ரி பை 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடை நாளில் அந்தக் கோடு ஏறி இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. வெளியே போவது இயந்திரத்தின் நலம் மட்டுமே. மாணவர் பெயரோ, மதிப்பெண்ணோ, படமோ போகக்கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சேவை தரும் முகவரியும் ஒரு சாவி போன்றது. பயிற்சிப் படவில்லைகளில் அதைக் காட்டிவிடாதீர்கள்.

அரையாண்டு விடுமுறையில் ஊரில் இருந்தபோது இரவு எட்டு மணிக்குச் செய்தி வந்தது. சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்தேன். அவர் போய் சுவிட்சை அணைத்துப் போட்டார். இழந்தவை ஏழு அளவீடுகள். அந்த அக்கா போகாவிட்டால் செய்தி வந்து என்ன பயன்? நம் வருகைப் பதிவேடும் அப்படித்தான். பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போனதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டு வாசலுக்கு ஒருவர் போயாக வேண்டும்.

அந்த ஒன்பது நாள்களை நாங்கள் நிரப்பவில்லை. வரைபடத்தில் கோட்டை அங்கேயே நிறுத்தி, இடைவெளி விட்டு, ‘கணினி பழுது, அளவீடு இல்லை’ என்று பிள்ளைகள் எழுதினார்கள். கண்காட்சிக்கு வந்தவர்கள் அதிகம் கேள்வி கேட்டது அந்த வெற்றிடத்தைப் பற்றித்தான். அத்தனைக்கும் பிள்ளைகள்தான் பதில் சொன்னார்கள்.