பட்டியலில் இல்லாத நாய்கள்

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. உடனே, அந்த இனத்தையே தடை செய்ய வேண்டும் என்று குரல் எழுந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மார்ச் 12 அன்று, ராட்வீலர், பிட்புல் உட்பட 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனப் பெயரைச் சுற்றியே பேச்சு ஓடியதில், அந்த நாய்கள் குழந்தைகள் விளையாடும் இடத்தில் கட்டப்படாமல் திரிந்தன என்பது பின்னுக்குப் போய்விட்டது.

திருப்பூர் பக்கம் வந்து பாருங்கள். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் செம்மறி மேய்த்துப் பிழைப்பவர்களுக்கு இனப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. ராத்திரியில் பட்டிக்குள் நுழையும் நாய்க்கூட்டம், பசிக்கு ஓர் ஆட்டைத் தின்றுவிட்டுப் போவதில்லை. ஒன்றின் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததன் மேல் பாய்கிறது. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். ஆடுகளைக் கடித்தவை பெரும்பாலும் பெயரில்லாத சாதாரணத் தெருநாய்கள்தான்.

இனமல்ல, உரிமையாளரே பொறுப்பு என்றால், தெருநாய்க்கு ஏது உரிமையாளர் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தெருநாய் எல்லாம் தெருவிலேயே முளைத்தவை அல்ல. காவலுக்கு ஆகும் என்று பனியன் கம்பெனி கேட்டருகே மிச்சச் சோறு போட்டு வளர்ப்பார்கள். ஊசி போடுவது யார் என்றால் பதில் இருக்காது. வீட்டு நாய் ஈன்ற குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விடுகிறவர்களும் உண்டு. கோழிக்கடைக் கழிவை ராவோடு ராவாகச் சாலையோரம் கொட்டுபவரும் நாய்க்குத் தீனி போடுபவர்தான், தெரியாமல்.

பெரிய தாடையும் பலமும் உள்ள நாய் கடித்தால் காயம் பெரிதாகத்தானே இருக்கும்? இருக்கும், மறுப்பதற்கில்லை. அப்படிப்பட்ட நாய்க்கு உரிமம், வாய்மூடி, குட்டையான கயிறு என்று கூடுதல் கண்டிப்பு வேண்டும். ஆனால் இனத்தை வைத்தே குணத்தைக் கணிக்கலாம் என்பது தவறு. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, நாய்க்கு நாய் காணும் குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்றது. நெதர்லாந்து 1993-இல் கொண்டுவந்த பிட்புல் தடையை 2008-இல் கைவிட்டது. நம் ராஜபாளையமும் கோம்பையும் முரட்டு நாய்கள் என்று பெயரெடுத்தவை. நாளை யாராவது அவற்றையும் பட்டியலில் சேர்த்தால் என்ன சொல்வோம்?

சட்டம் இல்லாமல் இல்லை. தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது. எனவே கம்பெனி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேட்டில் படுத்திருக்கும் நாய்க்குச் சோறு போடுகிறீர்கள் அல்லவா, வெறிநாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் உங்கள் கணக்கிலேயே போடுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து போகும் தொழிலாளியை நாய் கடித்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவச் சொல்லி, அப்போதே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஊசி அங்கே இலவசம்.