தனியாகவும் விமானம் ஏறலாம்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நம் குடும்பங்களில் பிள்ளை பெங்களூரில், பெண் புனேயில், சம்பந்தி சென்னையில், கூடப்பிறந்தவர் கொல்கத்தாவில் என்று ஆகிவிட்டது. சீமந்தமோ, உபநயனமோ, துக்க காரியமோ, இரண்டு நாள் ரயிலில் போய்ச் சேர உடம்பும் இடம் தருவதில்லை, நேரமும் இடம் தருவதில்லை. பிள்ளைகளே விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் நம்மில் பலர், முக்கியமாக மாமிகள், "தனியா எப்படிப் போறது?" என்று தயங்கி நின்றுவிடுகிறார்கள். டிக்கெட், அடையாள அட்டை, பெட்டி எல்லாம் மாமாவின் பொறுப்பு. மாமி பின்னாலேயே நடந்தால் போதும் என்றுதான் இத்தனை வருஷம் பழக்கம். மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனாலோ, அவர் காலமாகிவிட்டாலோ, மாமியின் பிரயாணமும் அன்றோடு நின்றுவிடுகிறது. அப்படி நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லத்தான் இன்று பேச வந்தேன்.

விமானப் பயணத்தில் விதிகள் அதிகம். ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் விதி தானாக நினைவில் நிற்கும், பயமும் பாதி குறையும்.

முதலில் பெயர். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் என்று தனியாகக் கிடையாது. டிக்கெட் படிவத்தில் ‘சர்நேம்’ கேட்கும் கட்டத்தில் ஒரு பிள்ளை அப்பா பெயரைப் போடுவான், இன்னொருவன் ஊர்ப் பெயரைப் போடுவான். ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். வாசலில் நிற்கும் காவலர் டிக்கெட்டையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஆகவே எந்த அட்டையை எடுத்துப் போகப்போகிறோம் என்று முதலில் தீர்மானித்து, அதில் உள்ளபடியே டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து ஒன்றுகூட மாறக்கூடாது. முகத்தைக் காட்டி நுழையும் ‘டிஜி யாத்ரா’ வசதி 2022 டிசம்பரில் வந்தது. அது கட்டாயமில்லை, அட்டையைக் காட்டியே போகலாம்.

அடுத்தபடியாக, எந்த விமான நிலையம், எந்த டெர்மினல் என்று பாருங்கள். தில்லியில் முதல் டெர்மினலுக்கும் மூன்றாவதற்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம். கோவாவில் 2023 ஜனவரி முதல் டபோலிம், மோப்பா என்று இரண்டு நிலையங்கள். மும்பையிலும் 2025 டிசம்பர் முதல் நவி மும்பை நிலையம் சேர்ந்திருக்கிறது. டாக்ஸிக்காரரிடம் ‘ஏர்போர்ட்’ என்று மட்டும் சொன்னால் போதாது.

நேரம். ரயில் நகர ஆரம்பித்தபின் கைப்பிடியைப் பிடித்து ஏறியவர்கள் நம்மில் உண்டு. அந்த சாமர்த்தியம் இங்கே செல்லாது. உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 60 நிமிஷம் முன்பு பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள். 20, 25 நிமிஷம் முன்பு ஏறும் வாயிலையும் மூடிவிடுவார்கள். விமானத்தின் மொத்த எடை, அது எங்கெங்கே எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்ற கணக்கைக் கிளம்புமுன் பைலட்டிடம் கொடுக்க வேண்டும். பெட்டியைப் போட்டவர் ஏறவில்லையென்றால் அவர் பெட்டியைத் தேடி இறக்கவும் வேண்டும். ஒருவருக்காகக் காத்திருக்க முடியாததன் காரணம் இதுதான். உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி, வெளிநாட்டுக்கு மூன்று மணி முன்னதாகப் போய்விடுவது உத்தமம். இன்னொன்று: பெரிய நிலையங்கள் பலவற்றில் இப்போது ஒலிபெருக்கியில் கூப்பிடுவது குறைந்துவிட்டது. வாயில் எண் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு. கால்மணிக்கு ஒருதரம் பலகையைப் பாருங்கள்; பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

இனி பெட்டி. உள்நாட்டில் பெரும்பாலும் ஒருவருக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. வீட்டிலேயே எடை பார்த்துவிடுங்கள். நம் வீட்டுப் பெட்டிகளில் மாட்டிக்கொள்கிற சாமான்கள் சில உண்டு. கற்பூரமும் தீப்பெட்டியும் எந்தப் பெட்டியிலும் கூடாது. கொப்பரையும் கூடாது என்றால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். அதில் எண்ணெய்ச் சத்து அதிகம்; மூடிய இடத்தில் தானே சூடேறிப் பற்றக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல் எல்லாம் கையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போகட்டும். நெய், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், கங்கைச் சொம்பு இவையும் அப்படியே. வெளிநாட்டு விமானத்தில் கையில் ஒரு பாட்டில் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்ற விதி, 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்டதையொட்டி வந்தது. பவர் பேங்க் மட்டும் நேர் எதிர்: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், கண்ணெதிரே இருந்தால் அணைக்கலாம். விமானத்தின் அடிவயிற்றில் இருந்தால் கை எட்டாது.

மருந்தும் கைப்பையில்தான். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் நமக்கு இரண்டு மூன்று நாள் மாத்திரை கையில் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. அங்கே குளிரில் உறைந்து வீணாகலாம். டாக்டர் சீட்டு, மூக்குக்கண்ணாடி, காது மிஷின் எல்லாம் கூடவே. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதற்கான அட்டையைப் பாதுகாப்புச் சோதனையில் முதலிலேயே காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லலாம். பிள்ளையின் போன் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் போய்விட்டால் நம்பரும் போய்விடும்.

இப்போது சொல்லப் போவதை எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டும். 2024 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து மும்பையில் வந்து இறங்கிய 80 வயதுப் பெரியவரும் அவர் மனைவியும் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வந்தது ஒன்றுதான். மனைவி அதில் உட்கார, பெரியவர் காத்திருக்காமல் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனை இடத்தருகே மயங்கி விழுந்து, காலமாகிவிட்டார். அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்தால் போனவர் வரமாட்டார். ஆகவே நாற்காலி தேவை என்றால் டிக்கெட் எடுக்கும்போதே, குறைந்தது 48 மணி முன்னதாகப் பதிவு செய்யுங்கள். கவுண்டரில் மறுபடி சொல்லுங்கள். இறங்கும்போது பணிப்பெண்ணிடம் இன்னொருதரம் சொல்லுங்கள். நாற்காலி வரும்வரை உட்கார்ந்த இடத்தை விட்டு நகராதீர்கள். "நாலடிதானே" என்று நினைக்க வேண்டாம்; பெரிய நிலையங்களில் அந்த நாலடி ஒரு கிலோமீட்டரையும் தாண்டும். நாற்காலியில் உட்காருவது கௌரவக் குறைச்சல் இல்லை. அதே சமயம், நன்றாக நடக்க முடிந்தவர்கள் வரிசையைத் தாண்டுவதற்காக அதைக் கேட்பதும் தர்மம் ஆகாது. இன்னொரு பெரியவருக்குக் கிடைக்காமல் போவது அதனாலும்தான்.

உள்ளே ஏறியபின் என்ன நடக்கிறது? விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல் வைத்திருப்பார்கள். ஊட்டி சுமார் 7,350 அடி. ஆக, கிளம்பிய அரைமணிக்குள் நாம் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சமீபத்தில் மாரடைப்போ ஆபரேஷனோ ஆனவர்கள், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். அழுத்தம் குறைந்தால் வயிற்றில் உள்ள வாயு விரியும். அன்று ஆகாரம் கொஞ்சமாக இருக்கட்டும்.

இறங்கும்போது காது அடைக்கும். வெளிக் காற்றழுத்தம் ஏறுவதற்கு ஈடாக நடுக்காதில் காற்று நுழையவேண்டும். எச்சில் விழுங்கினால் வழி திறக்கும். ஒரு மிட்டாய் போதும். அந்த நேரத்தில் தூங்க வேண்டாம்.

கிளம்பியவுடன் காலடியில் ‘தடால்’ என்று சத்தம் கேட்டால், சக்கரம் உள்ளே மடங்குகிறது. சற்று நேரத்தில் என்ஜின் சத்தம் தணிந்தால், என்ஜின் விசையைத் தேவைக்குக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். இராத்திரியில் விளக்கை மங்கலாக்குவது நம் கண் இருட்டுக்குப் பழகியிருப்பதற்காக. அவசரமாக வெளியேற நேர்ந்தால் வழி தெரிய வேண்டும். உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட்டை அவிழ்க்காதீர்கள். தெளிந்த வானத்திலும் விமானம் திடீரென்று குலுங்கலாம். கழிவறையில் தாழ்ப்பாளை முழுக்க நகர்த்தினால்தான் உள்ளே விளக்கு நன்றாக எரியும். நாலு மணிக்கு மேற்பட்ட பயணமானால் கணுக்காலை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள், ஒருதரம் எழுந்து நடங்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க இது அவசியம்.

பெட்டியைக் கொடுக்கும்போது டேக்கில் உள்ள மூன்று எழுத்தைப் பாருங்கள். சென்னை எம்.ஏ.ஏ., மதுரை ஐ.எக்ஸ்.எம்., திருச்சி டி.ஆர்.இசட்., கோயம்புத்தூர் சி.ஜே.பி. உங்களிடம் தரும் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இறங்கிய இடத்தில் பெட்டி வரவில்லையென்றால், அங்கேயே புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்காமல் வெளியே வரக்கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தரம் தம்பதியாகக் கிளம்பும்போது மாமி முன்னால் போகட்டும். அட்டையை நீட்டுவது, பெட்டியைப் போடுவது, வாயிலைக் கண்டுபிடிப்பது எல்லாம் அவர் செய்யட்டும். மாமா பின்னால் வாயை மூடிக்கொண்டு வரட்டும். அதேபோல், எந்த மாத்திரை எந்த டப்பாவில் என்று மாமாவும் தெரிந்துகொள்ளட்டும். அந்தக் கணக்கு மாமிக்கு மட்டும்தான் தெரியும் என்பதும் சரியில்லை. ஒருநாள் இருவரில் ஒருவர் தனியாகத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். அன்றைக்குப் பேரனின் பூணூலுக்கு வரமுடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

எல்லோருக்கும் க்ஷேமமான பிரயாணம் அமையட்டும்.