செல்களை இணைக்கும் புரதங்கள் எங்கிருந்து வந்தன?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் அவை இது. இரு தரப்புக்கும் பயன்படும் ஒரே ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு செல்லும் இன்னொரு செல்லும் எப்படி ஒன்றாகின்றன?

செல் சவ்வைப் பற்றி நாம் என்ன சொல்லித் தருகிறோம்? அது ஓர் எல்லை. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்துகிறது என்கிறோம். கருவுறுதல் பாடம் வந்ததும், 'விந்து செல்லும் அண்ட செல்லும் இணைகின்றன' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், செல்லைச் சுத்தி எல்லை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ அந்த ரெண்டு எல்லையும் எங்க போச்சு?" பாடநூலின் அந்த ஒரு வரிக்குள் பல கோடி ஆண்டுகளின் வரலாறு இருக்கிறது.

செல் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன ஈரடுக்கு. அதன் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். இரண்டு சவ்வுகளை மிக அருகே கொண்டுவந்தால் அவை ஒன்றையொன்று விலக்கும். இது நல்லதுதான், இல்லாவிட்டால் நம் உடலின் செல்கள் எல்லாம் கலந்து கூழாகியிருக்கும். ஆகவே, இணைய வேண்டிய இடத்தில் மட்டும் சவ்வுகளை இணைத்துவைக்க ஒரு கருவி தேவை. அந்தக் கருவிதான் இணைப்புப் புரதம்.

அது வேலை செய்யும் விதத்தைப் பாக்குவெட்டியைக் காட்டி விளக்கலாம். புரதத்தின் ஒரு முனை தன் சவ்வில் பதிந்திருக்கும். மறுமுனை நீண்டு எதிரிலுள்ள சவ்வில் குத்தி நிற்கும். பிறகு புரதம் நடுவில் மடியும். பாக்குவெட்டியின் இரு கைப்பிடிகளும் நெருங்குவதுபோல இரு சவ்வுகளும் நெருங்கி, கொழுப்பு அடுக்குகள் கலந்து ஒன்றாகிவிடும். டெங்கு, இன்ஃப்ளூயன்சா, எச்.ஐ.வி. போன்ற உறையுள்ள வைரஸ்கள் நம் செல்லுக்குள் நுழைவது இந்த முறையில்தான்.

இப்போது தாயின் கருப்பைக்கு வருவோம். பாடநூலில் தாய்சேய் இணைப்புத் திசு என்கிறோம். ஊரில் நஞ்சுக்கொடி என்பார்கள். அதில் தாயின் இரத்தத்தைத் தொட்டு நிற்கும் வெளி அடுக்கு தனித்தனிச் செல்களால் ஆனதல்ல. எண்ணற்ற செல்கள் இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே தொடர் அடுக்காக அது அமைந்திருக்கிறது. உணவும் ஆக்சிஜனும் குழந்தைக்குச் செல்வது அதன் வழியாகத்தான்.

அந்தச் செல்களை இணைக்கும் புரதத்தைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியானது. அதன் பெயர் சின்சிட்டின். அதற்கான மரபணு நமது 7ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது ஒரு ரெட்ரோ வைரஸின் உறைப் புரத மரபணு!

எப்படித் தெரியும் என்று மாணவர்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாம் கேட்க வைக்க வேண்டும். ரெட்ரோ வைரஸ் தன் மரபணுக்களை ஓம்புயிரியின் டி.என்.ஏ.வில் செருகிவிடும். இனப்பெருக்கச் செல்லில் செருகினால் அது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். மனித டி.என்.ஏ.வில் சுமார் 8 விழுக்காடு இப்படி வந்த எச்சங்களே. சின்சிட்டின் மரபணுவின் அக்கம்பக்கத்தில் அந்த வைரஸின் மற்ற மரபணுக்களும் இருக்கின்றன. ஆனால் அவை திடீர் மாற்றங்களால் சிதைந்து கிடக்கின்றன. உறைப் புரத மரபணு மட்டும் சிதையவில்லை. இடிந்த வீட்டில் கிணறு மட்டும் தூர் வாரப்பட்டுத் தெளிவாக இருந்தால் என்ன நினைப்போம்? யாரோ அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள் என்றுதானே? அதுபோல, இந்த மரபணு பயன்பட்டதால் இயற்கைத் தேர்வு அதைக் காத்துவந்திருக்கிறது. நம் முன்னோர்களான குரங்கினத்தில் இது நுழைந்து 2.5 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இது வெறும் ஊகமா? எலிகளிலும் இதே வேலையைச் செய்யும் ஒரு சின்சிட்டின் உண்டு. அந்த மரபணுவை நீக்கிய சோதனை 2009இல் வெளியானது. அந்த எலிக் கருக்கள் 11 முதல் 14 நாள்களுக்குள் இறந்துவிட்டன. இணைப்பு அடுக்கு சரியாக உருவாகவில்லை.

இதில் இன்னொரு வியப்பு. எலியின் சின்சிட்டினும் மனிதனின் சின்சிட்டினும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்த மரபணு அல்ல. எலியின் முன்னோர் ஒரு வைரஸிடமிருந்தும், நம் முன்னோர் வேறொரு வைரஸிடமிருந்தும் தனித்தனியே பெற்றவை. முயல், மாடு ஆகியவற்றின் வழிகளிலும், நாய்க்கும் பூனைக்கும் பொதுவான முன்னோரின் வழியிலும் இது தனித்தனியே நடந்திருக்கிறது. அப்படியானால் அந்த வைரஸ் வருவதற்கு முன் எப்படிக் குட்டி போட்டன என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு முன்பு வேறொரு பழைய வைரஸ் மரபணு அந்த வேலையைச் செய்திருக்கலாம், புதியது வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் கருத்து.

இனி அந்த மாணவியின் கேள்விக்கே வருகிறேன்: கருவுறுதல். 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் லில்லிப் பூவின் மகரந்தத்தில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். இன்று அதை ஹாப்2 என்கிறோம். அது இல்லாவிட்டால் பூவில் கருவுறுதல் நடக்காது. நாம் பாடத்தில் படம் வரையும் கிளாமிடோமோனாஸ் பாசியிலும், மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியத்திலும் அதே புரதம் இருப்பதை 2008இல் காட்டினார்கள். ஹாப்2 இல்லாத கேமீட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன, இணைவதில்லை.

2017இல் ஹாப்2வின் முப்பரிமாண வடிவம் வெளியானது. அமினோ அமில வரிசையை வைத்துப் பார்த்தால் அதற்கும் டெங்கு வைரஸின் இணைப்புப் புரதத்துக்கும் உறவு தெரியாது. மடிந்த வடிவத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. உருளைப்புழு ஒன்றின் தோல் செல்களை இணைக்கும் புரதமும் அதே வடிவம்தான் என்று 2014இலேயே தெரிந்திருந்தது. 2022இல் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களிலும் இந்தக் குடும்பத்தின் உறுப்பினரைக் கண்டிருக்கிறார்கள். பூ, பாசி, புழு, வைரஸ் அனைத்திலும் ஒரே பழைய கருவி!

இந்தக் கருவி முதலில் யாரிடம் இருந்தது? வைரஸிடமிருந்து செல்லுக்கு வந்ததா, செல்லிடமிருந்து வைரஸுக்குப் போனதா? சின்சிட்டினில் திசை தெளிவு. ஹாப்2வில் இன்னும் முடிவாகவில்லை. இதை மாணவர்களிடம் அப்படியே சொல்லுங்கள். விடை தெரியாத கேள்வி ஒன்று மீதமிருக்கிறது என்று அறியும் பிள்ளைதான் அதைத் தேடிப் போகும்.

மனிதரில் ஹாப்2 கிடையாது. நம் விந்து செல்லில் இசுமோ என்ற வேறொரு புரதம் இருக்கிறது. 2005இல் அதைக் கண்டவர்கள், திருமணப் பேற்றுக்குப் பெயர்பெற்ற ஜப்பானியக் கோயிலின் பெயரை அதற்கு வைத்தார்கள். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

சரி, வகுப்பறையில் என்ன செய்யலாம்? தொடக்க வகுப்பில் ஒரு தட்டில் நீர் ஊற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். துளிகளைக் குச்சியால் மெல்லத் தள்ளிச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு துளிகள் ஒன்றாக ஒரு தள்ளுதல் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கையால் உணர்வார்கள். அந்த வயதுக்கு அது போதும்.

பத்தாம் வகுப்பில் அமைப்பு ஒத்த உறுப்புகள், செயல் ஒத்த உறுப்புகள் என்று கற்பிக்கிறோம். வௌவாலின் இறக்கையையும் பூச்சியின் இறக்கையையும் சொல்லி முடித்துவிடுகிறோம். அதே பலகையில் இன்னும் இரண்டு வரி சேருங்கள். மனிதனின் சின்சிட்டினும் எலியின் சின்சிட்டினும் தனித்தனியே வந்து ஒரே வேலையைச் செய்பவை. ஹாப்2வும் டெங்குப் புரதமும் வெவ்வேறு இடத்தில் இருந்தாலும் ஒரே அமைப்பு கொண்டவை. பரிணாமம் என்பது பாறையில் கிடக்கும் எலும்பு மட்டுமல்ல, தன் உடலின் ஒவ்வொரு செல்லிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று மாணவர் அப்போது உணர்வார்.

ஒரு கவனம் வேண்டும். 'உடல் வைரஸின் மரபணுவைத் திட்டமிட்டு எடுத்துக்கொண்டது' என்று சொல்லிவிடாதீர்கள். தற்செயலாக வந்தது, பயன்பட்டது, நிலைத்தது. இந்த மூன்று சொற்களின் வரிசை பிசகாமல் இருந்தால் பரிணாமப் பாடம் சரியாக நடந்துவிட்டது என்று பொருள்.

இதனால் நடைமுறைப் பயனும் உண்டு. பிளாஸ்மோடியத்தின் கேமீட்டுகள் இணைவது கொசுவின் வயிற்றில். அங்கே ஹாப்2வைத் தடுத்தால் மலேரியா பரவுவதைத் தடுக்கலாம் என்ற நோக்கில் தடுப்பூசி ஆய்வுகள் நடக்கின்றன. ஒரு பூவின் மகரந்தத்தில் தொடங்கிய கேள்வி கொசுவரை வந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் கேள்விகளும் எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே 'இணைகின்றன' என்ற அந்த ஒரு வரியில், அடுத்த முறை ஐந்து நிமிடம் நின்று செல்லுங்கள்.