கதவடைப்பும் கஞ்சியும்



1918 செப்டெம்பர் 28இல், விஷக்காய்ச்சல் பரவியிருந்தும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் போர்க்கடன் ஊர்வலம் நடத்தியது; ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள் கூடினர். சென் லூயிஸ் நகரமோ ஒக்டோபர் 7இல் பாடசாலை, தேவாலயம், நாடக அரங்கு யாவற்றையும் மூடக் கட்டளையிட்டது. மருந்து இரு நகரத்திலும் இல்லை. ஆயினும் நோய் உச்சமுற்ற வாரத்தில், வழமைக்கு மேலாக மாண்டோர் இலட்சத்துக்கு முன்னதில் 257, பின்னதில், தடைகள் நடைமுறையிலிருந்த காலத்தில், 31.

காலத்தே கூட்டந் தவிர்த்தல் உயிர் காக்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? ஆனால், கதவை அடையெனக் கட்டளையிடும் அரசு அன்றாடங்காய்ச்சியின் அடுப்பை மறக்கலாமா? கூலியிழக்க அஞ்சுபவன் காய்ச்சலோடும் வேலைக்குப் போவான். கிருமியும் கூடவே போகும். வீட்டிலிருக்கச் சொல்வது அரசின் உரிமையெனில், இருப்பவனுக்குச் சோறிடுவது அதன் கடமை. அக்கடமை சட்டமாகும்வரை நாம் ஓயோம்!