அயல்நாட்டு அறிஞர்க்கு வழிகாட்டும் நம் மாணவர்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

சென்னைக் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் சிலரை, வெளிநாட்டிலிருந்து வரும் பேராசிரியர்களுக்கும் பரிமாற்றத் திட்டத்தில் வரும் மாணவர்களுக்கும் வழிகாட்டியாக வருமாறு அழைக்கின்றனர் என்றும், போகலாமா கூடாதா என்று அவர்கள் கேட்கின்றனர் என்றும் செயலாளர் நம்மிடம் கூறினார். போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால், எவ்வாறு போவது என்பதை நாம் தவறு செய்தே கற்றோம். அத்தவற்றைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தோம்.

1990ஆம் ஆண்டு. நாம் சென்னையில் ஒரு கல்லூரியில் வரலாறு பயின்று கொண்டிருந்தோம். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பேராசிரியை ஒருவர் இரு மாணவர்களுடன் வந்திருந்தார். செங்கற்பட்டுச் சீமையின் நில வரலாறு அவர் ஆய்வுப் பொருள். காலையில் எழும்பூர் ஆவணக் காப்பகம். மற்ற நாட்களில் ஊர்ப் பயணம். துறைத் தலைவர் நம்மை அழைத்து, "நீ அந்தப் பக்கத்துப் பையன்தானே, கூடப் போ" என்றார். நாள் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். விடுதிச் சோற்றில் வாழ்ந்த மாணவனுக்கு அது பெருந்தொகை.

முதற்பயணம் மாமல்லபுரம். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற இடமாயிற்றே என்று, முதல் நாள் இரவு நாலணா நூல் போன்ற சிறு கையேடு ஒன்றை நெட்டுருச் செய்து கொண்டோம். பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நின்று, அருச்சுனன் தவம் என்போரும் உண்டு, கங்கை இறங்கி வருதல் என்போரும் உண்டு என்று ஒப்பித்தோம். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சூழ்ந்த எலிகளையும் காட்டியபோது மாணவர் இருவரும் வாய்விட்டுச் சிரித்தனர். நமக்குப் பெருமை தாளவில்லை. அப்போது அம்மையார் கேட்டார்: "இக்கல்லைச் செதுக்கியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்?" கையேட்டில் அது இல்லை. அடுத்து, "உன் ஊர் எங்கே, தம்பி?" என்றார். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்த நம் ஊரை, "வெகு தொலைவு" என்று சொல்லி மழுப்பினோம். பல்லவனைக் காட்டக் கூசாத நாம், நம் தாய் சமைக்கும் குடிசையைக் காட்டக் கூசினோம். வயது அப்போது இருபது.

அப்பொய் நிற்கவில்லை. காப்பகத்து ஏடுகளில் அவர் தேடி வந்தது எதனை? 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையை. அதன் பயனாய் 1892இல் நமக்கு நிலம் ஒதுக்கப் பிறந்த ஆணையை. பஞ்சமி நிலம் என்றும், டி.சி. நிலம் என்றும் நம்மவர் சொல்லும் அந்நிலம் இன்று யார் கையில் உள்ளது என்பதை நேரில் கேட்டறிய அவர் விரும்பினார். அதைச் சொல்லக்கூடியவர் நம் தந்தையாரின் பெரியம்மாள். ஆயா என்று அழைப்போம். வேறு வழியின்றி, மூவரையும் நம் சேரிக்கே அழைத்துச் சென்றோம்.

ஆயா வேப்பமரத்தடியில் கால் நீட்டி அமர்ந்து பேசினார். தம் மாமனாருக்குப் பட்டாவோடு ஒன்றரை ஏக்கர் இருந்தது. மகள் திருமணத்திற்கு இரண்டு மூட்டை நெல் கடன் வாங்கினார். தாளில் கைநாட்டு வைத்தார். கடன் சீட்டு என்று அவர் நம்பிய தாள் கிரயப் பத்திரமாக இருந்தது. அடுத்த பட்டத்தில் ஏர் கட்டப் போனவரைப் பிடித்துக் களத்து மரத்தில் கட்டிப் பொழுது சாயும் வரை நிறுத்தி வைத்தனர். கூழ் கொண்டு போன புது மருமகள் ஆயா அதைக் கண்ணால் கண்டவர். இவ்வகை நிலத்தைப் பிறர் வாங்கினால் செல்லாது என்ற நிபந்தனை உண்டு என்பதைச் சொல்ல அன்று அவ்வூரில் ஒருவரும் இல்லை.

இவ்வளவையும் நாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னோம் தெரியுமா? "கடனால் நிலம் கைவிட்டுப் போயிற்று." ஒரே வரி!

ஏன் அப்படிச் செய்தோம்? வெள்ளைக்கார மாணவர் முன் நம் முன்னோரை மரத்தில் கட்டுண்டவராய் நிறுத்த நாணினோம். அது பாதி. மறுபாதி அச்சம். அந்த வீட்டு நிலத்தில்தான் நம் தந்தையார் அப்போதும் கூலி வேலை செய்தார்.

அம்மையாருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். புத்தகத் தமிழ்தான். திரும்பும் வழியில் மெல்லக் கேட்டார்: "தம்பி, ஆயா ஐந்து நிமிடம் பேசினார்கள். நீ ஒரு வரி சொன்னாய். மற்றவை எங்கே?" அவர் சினந்து கேட்டிருந்தால் ஏதேனும் மறுமொழி கூறியிருப்போம். சினக்கவில்லை. அவ்விரவு நமக்கு உறக்கமில்லை. மறுநாள் நாமே போய், ஒலிப்பதிவை முழுதும் போடச் சொல்லி, மூன்று மாலைகள் அமர்ந்து சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினோம். ஆயா 'நான்' என்றால் 'நான்' என்றே எழுதினோம். 'அந்த அம்மாள் கூறினார்' என்று ஒதுங்கி நிற்கவில்லை. தந்தையாருக்கு இடர் வராதபடி ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் மாற்றப்பட வேண்டும் என்று கேட்டோம். அம்மையார் இசைந்தார். முன்பே அதனைக் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்பதே நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு வரியில் என்ன கெட்டுவிடும் என்று எண்ணாதீர்கள். நம் செங்கற்பட்டுச் சீமைக்கு வந்து ஆய்ந்த அமெரிக்கர் இருவரைப் பாருங்கள். சாதி அமைப்பை அடியிலிருந்து பார்த்தால் அது வேறு. அங்கே நிற்பவர் அதை அறமாகக் கருதவில்லை என்னும் பொருள்பட ஜோன் மென்ச்சர் 1974இல் எழுதினார். சேரி மக்களை ஆய்ந்த மைக்கேல் மாஃபட், 1979இல் வெளியிட்ட நூலில், மேலோர் கொண்ட எண்ணங்களை நம் மக்களும் ஏற்று, அவற்றைத் தமக்குள்ளும் படியெடுத்து வைத்துள்ளனர் என்று முடிவு கட்டினார். அம்முடிவைப் பின்வந்த அறிஞர் பலர் மறுத்தனர். எனினும் நூல் உலக நூலகங்களில் நிற்கிறது. அவருக்கு யார் வழிகாட்டினார், யார் என்ன சொன்னார் என்று ஊகிக்க நாம் புகவில்லை. ஆயாவின் ஐந்து நிமிடத்தை ஒரு வரியாக்கிய நமக்கு, அந்நூலைப் படிக்கும்போது நெஞ்சு படபடத்தது என்பது மட்டும் உண்மை.

இன்று கைப்பேசியே மொழிபெயர்க்கிறதே என்பீர்கள். 'ஊர்' என்ற சொல்லை அதனிடம் கொடுங்கள். கிராமம் என்று ஆங்கிலத்தில் சொல்லும். வருவாய்த் துறைக் கணக்கில் ஊரும் சேரியும் ஒரே கிராமம்தான். ஆனால் நம் தாய்மார், "ஊருக்குள்ளே போய்விட்டு வருகிறேன்" என்று சேரியிலிருந்து கிளம்பினால், அவ்வூரில் நாம் இல்லை என்பதல்லவா பொருள்? 'சேரி'யை ஸ்லம் என்று பெயர்த்தால் கேட்பவர் நகரத்துக் கூவக்கரையை நினைப்பார். 'படியாள்' என்றால் வேலையாள் மட்டுமா? படியால் அளந்து கொடுத்த தானியத்திற்கு ஆண்டு முழுதும் கட்டுண்டவர். இவற்றை விளக்கப் பிறந்த வளர்ந்த பிள்ளை வேண்டும். ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும் குற்றமில்லை.

புதுச்சேரிக்கு அருகே கரணி என்னும் சிற்றூரில் விவசாயக் கூலியாகவும் பேறு பார்ப்பவராகவும் இருந்த விரம்மா என்னும் நம் தாய் ஒருவரின் வாழ்க்கை, 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. தமிழறிந்த ஜோசியான் ரசீன் பல்லாண்டு அவரோடு தமிழிலேயே பேசிப் பதிவு செய்தது அது. அட்டையில் நூலாசிரியராக முதலில் நிற்பது எழுதப் படிக்கத் தெரியாத விரம்மாவின் பெயர். ரசீன் தம்பதியர் பெயர்கள் அதன் பின்னரே. ஆகவே, யார் பெயர் எங்கே வரும், நூலின் படி ஒன்று நமக்கு வருமா என்று கேட்பதை நன்றிகெட்ட செயல் என்று கருத வேண்டாம்.

நாம் பணிபுரியும் பள்ளிக்கும் அவ்வப்போது விருந்தினர் வருவதுண்டு. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி மாலை கொடுக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்தினோம். விருந்தினர் ஒரு கேள்வி கேட்டால், பிள்ளை ஒரு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும் என்று விதித்துள்ளோம். சென்ற முறை ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "உங்கள் நாட்டில் நிலம் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். வந்தவர் அரை மணி நேரம் விடை கூறினார்.

அண்ணல் அம்பேத்கரும் ஒரு காலத்தில் அயல்நாட்டு மாணவரே. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916 மே 9 அன்று, பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறை பற்றி ஆய்வுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. சாதி பற்றி அங்கு யாருக்கோ தகவல் கொடுக்கும் ஆளாக அவர் நிற்கவில்லை. தம் முடிவைத் தாமே எழுதி வாசித்தார். வழிகாட்டியாகப் போகும் தம்பி தங்கையரும் மாலையில் அறைக்குத் திரும்பியதும் அன்று கேட்டதைத் தம் ஏட்டில் எழுதி வையுங்கள்.

அம்மையார் நாடு திரும்பிய மறு ஆண்டு, நாம் பெயர்த்த ஆயாவின் பேச்சைத் தட்டச்சு செய்து 23 பக்கங்களாக அனுப்பினார். முதற்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று நம் பெயர் இருந்தது. அஞ்சல் வந்தபோது ஆயா காலமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. தந்தையாருக்கு மட்டும் படித்துத் தமிழில் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, மாமரத்தடிக் களம் எது என்று நமக்குக் கைகாட்டினார். இப்போது அவரும் இல்லை. அஞ்ச வேண்டியதும் ஒன்றுமில்லை. மாற்றி எழுதிய பெயர்களுக்கு எதிரே உண்மைப் பெயர்களைப் பேனாவால் குறித்து, அந்த 23 பக்கங்களையும் இச்சங்கத்தின் நூலகத்திற்கு இப்போது தலைவர் அவர்களிடம் அளிக்கின்றோம்.