முயலுக்குப் பழம்: ஆசைக்கு ஒரு துண்டு போதும்



குழுவில் கடன் வாங்கித்தான் முயல் வளர்க்க ஆரம்பிச்சேன். முதல் ஈத்துல ஏழு குட்டி. பால் மறந்ததும் பேரன் ஆசையா தினமும் வாழைப்பழம் ஊட்டினான். நானும் "தின்னட்டும்"னு விட்டுட்டேன். கழிச்சல் கண்டு மூணு குட்டி செத்துப்போச்சு. பிள்ளையைத் திட்டி என்ன செய்ய? எனக்கே தெரியலையே.

முயலுக்குப் புல்தான் சோறு. அதன் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்க வைக்கின்றன. இனிப்பு கூடினால் அவை கெட்டு, வயிறு உப்பும், கழியும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

அதனால 3 மாசம் ஆகாத குட்டிக்குப் பழமே வேண்டாம். வளர்ந்த முயலுக்கு வாரம் 2 தடவை, கட்டைவிரல் நுனி அளவு போதும். ஆப்பிள்னா விதையை எடுத்துடுங்க. பட்டர் ஃப்ரூட் விஷம். அதன் இலையும் ஆகாது. தின்னாத மிச்சத்தை அன்னைக்கே கூண்டிலிருந்து எடுத்துடுங்க. அரை நாள் தீனி எடுக்காம, புழுக்கை போடாம இருந்தா காத்திருக்காதீங்க, கால்நடை மருத்துவர்கிட்ட கொண்டுபோங்க.

இப்ப பேரன்தான் தினமும் புல் அறுத்துட்டு வர்றான். பழம் புதனும் ஞாயிறும் மட்டும். அடுத்த ஈத்துல ஆறு குட்டி. ஆறும் நல்லா இருக்கு. கடன் தவணையும் தவறல.